புது காருக்குப் பழைய நோட்ஸ் செட் ஆகாது... ராலி டீம்கள் அப்கிரேடுக்கு அப்புறம் சந்திக்கிற சிக்கல்!

ரேஸ்னு சொன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது டிராக்தான். 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் போட்டியில் அஜித் குமாரின் டீம் தன் கிளாஸில் மூணாவது இடம் பிடிச்சப்போ, பாதித் தமிழ்நாடு ரேஸ் ரசிகரா மாறிடுச்சு. ஆனா, டிராக் ரேஸ் வேற, ராலி வேற. டிராக்கில் ஒரே வளைவை ஒரு டிரைவர் நூறு தடவை சுத்தி வருவார். எங்கே பிரேக் பிடிக்கணும்னு கால் தானா பழகிடும். ராலியில் அந்த வசதியே கிடையாது. காட்டுப் பாதை, எஸ்டேட் மண் ரோடு, காற்றாலைகளுக்கு நடுவே போற செம்மண் தடம்... இதை முன்கூட்டியே வழக்கமா ரெண்டு தடவை, அதுவும் மெதுவா ஓட்டிப் பார்க்க விடுவாங்க. அடுத்த தடவை அதே ரோட்டுக்கு வரும்போது ஆக்ஸிலரேட்டர் தரையைத் தொட்டுட்டு இருக்கும்.

இந்த விளையாட்டில் கம்பெனி சம்பளம் வாங்கி ஓட்டுறவங்க ரொம்பக் குறைவு. ஸ்டார்ட் லிஸ்ட்டில் கீழே இறங்க இறங்க, எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கதான். வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ், கடை, ஒர்க்‌ஷாப். வீக் எண்டில் ராலி. கார் சொந்த கார், மெக்கானிக் ஃப்ரெண்டு, டயர் தூக்குறது சித்தப்பா பையன். வருஷக்கணக்கா ஒரே காரை ஓட்டி, காசு சேர்த்து, ஒரு நாள் அப்கிரேட் பண்ணுவாங்க. இன்ஸ்டாவில் போட்டோ போடுவாங்க. நமக்கும் லைக் போட்டுட்டு, 'இனிமே பின்னிடுவாங்க'னு தோணும். ஆனா அந்த முதல் ராலியில் பல டீம்கள் பழைய காரில் எடுத்த டைமைக்கூடத் தொட முடியாமத் திணறும். ஏன்னு புரியணும்னா, ராலி எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

ரெண்டு பேர், ஒரு நோட்டு

ராலியில் கார்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு ஓடாது. ஒவ்வொரு காரா, ஒண்ணு ரெண்டு நிமிஷ இடைவெளியில் கிளம்பும். பொதுமக்கள் வராதபடி மூடின பாதைக்கு 'ஸ்பெஷல் ஸ்டேஜ்'னு பேரு. அங்கே எடுத்த டைம் எல்லாத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவங்க ஜெயிச்சாங்க. ஒரு ஸ்டேஜ் முடிஞ்சு அடுத்த ஸ்டேஜுக்குப் போற ரோடு சாதாரண ரோடுதான். அங்கே சிக்னல் விழுந்தா நிக்கணும், லாரி போனா வழி விடணும். டைம் கன்ட்ரோலுக்கு லேட்டா வந்தாலும் பெனால்டி, சீக்கிரம் வந்தாலும் பெனால்டி. எஃப்.ஐ.ஏ விதிப்படி ஒரு நிமிஷம் லேட்டானா 10 செகண்டு. ஒரு நிமிஷம் சீக்கிரம் போய்ட்டா 60 செகண்டு! அவசரக்காரனுக்குத்தான் இங்கே அதிக தண்டனை.

காரில் ரெண்டு பேர் இருப்பாங்க. பக்கத்து சீட்டில் இருக்கிற கோ-டிரைவர் வெளியே வேடிக்கை பார்க்கிறதே இல்ல. அவர் மடியில் ஒரு நோட்டு. 'ரெக்கி'னு சொல்ற அந்த மெதுவான ஓட்டத்தில் டிரைவர் சொல்லச் சொல்ல எழுதின பேஸ் நோட்ஸ் அதுக்குள்ளே இருக்கும். "நூறு, ரைட் நாலு, மேடு தாண்டி அம்பது, லெஃப்ட் மூணு, உள்ளே இறுகும், கட் பண்ணாதே" - இப்படிப் போகும். நிறைய டீம்களில் ஒண்ணுன்னா ரொம்ப மெதுவான வளைவு, ஆறுன்னா வேகமான வளைவு. நூறு, அம்பதுன்னா அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர்னு அர்த்தம். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு டிரைவருக்குத் தெரியாது. காதில் விழுற வார்த்தையை நம்பி ஓட்டணும், அவ்வளவுதான்.

'ஃப்ளாட்' யாருக்கு ஃப்ளாட்?

பேஸ் நோட்ஸில் 'ஃப்ளாட்'னு ஒரு வார்த்தை வரும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்காமலே போகலாம்னு அர்த்தம். இப்போ, 100 ஹெச்.பி காரில் அஞ்சு வருஷம் ஓட்டின ஒரு டிரைவரை எடுத்துக்கோங்க. ஒரு லேசான இடது வளைவுக்கு மனசு தானா 'ஃப்ளாட்'னு சொல்லும். ஏன்னா அவர் கார் அந்த இடத்துக்கு வரும்போது 80 கி.மீ வேகத்தைத் தாண்டினதே இல்ல. அதே வளைவுக்குப் புது கார் 100-ல் வந்து நிக்கும். வளைவு அதேதான், ஜல்லி அதேதான். ஆனா எழுதின வார்த்தை பொய் ஆகிடுச்சு.

கணக்கு போட்டுப் பார்த்தா இன்னும் நல்லாப் புரியும். 80 கி.மீ வேகத்தில் 100 மீட்டரைக் கடக்க 4.5 செகண்டு ஆகும். 100 கி.மீ வேகத்தில் 3.6 செகண்டுதான். கிட்டத்தட்ட ஒரு செகண்டு காணாமப் போச்சு. அந்த ஒரு செகண்டில் கோ-டிரைவர் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பார். அதனால புது காரில் அவர் இன்னும் முன்னாடியே, இன்னும் வேகமா, இன்னும் குறைச்ச வார்த்தைகளில் படிக்கணும். அப்கிரேட்னா எல்லாரும் காரையும் டிரைவரையும்தான் பேசுறாங்க. உண்மையில் அதிகமா மாறுறது பக்கத்து சீட்டுக்காரரோட வேலைதான்னு நான் சொல்வேன்.

அடுத்தது பிரேக். வேகம் 80-ல் இருந்து 100-க்குப் போனா கூடினது கால் பங்குதான். ஆனா காருக்குள்ளே இருக்கிற இயக்க ஆற்றல் 56 சதவிகிதம் கூடும். நிறுத்துற தூரமும் கிட்டத்தட்ட அதே கணக்கில் கூடும். பழைய காரில் மைல்கல் பக்கத்தில் பிரேக் பிடிச்சுப் பழகின கால், புது காரிலும் அங்கேயேதான் பிடிக்கும். மைல்கல் நகராது, நாமதான் மரத்தைப் போய்ப் பார்ப்போம்.

முன் வீல் டிரைவில் இருந்து ஆல் வீல் டிரைவுக்கு மாறினா இன்னொரு தலைவலி. முன் வீல் டிரைவ் காரில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டுனு விட்டா மூக்கு உள்ளே திரும்பும். அதை வெச்சே வளைவைச் சமாளிக்கப் பழகியிருப்பாங்க. ஆல் வீல் டிரைவில் நாலு டயரும் இழுக்கிறதால, எப்போ பவர் கொடுக்கணும், காரை எப்போ பக்கவாட்டில் திருப்பி வைக்கணும்ங்கிறதை முதல்ல இருந்து கத்துக்கணும். சீட்டை ரெண்டு இன்ச் தாழ்த்தி வெச்சாலே மேட்டுக்கு அந்தப் பக்கம் தெரியுற விஷயம் மாறிடும்னா பாருங்க.

என்ஜின் கடைசியில்தான்

அப்கிரேட்னதும் பசங்க முதல்ல கேட்கிறது "எத்தனை ஹெச்.பி?". அனுபவசாலி மெக்கானிக்கிட்ட கேளுங்க, அவர் லிஸ்ட்டில் என்ஜின் கடைசியில்தான் இருக்கும்.

முதல்ல ரோல் கேஜ். கார் உருண்டா கூரை உள்ளே அமுங்காம இருக்க, கேபினுக்குள்ளே போடுற இரும்புக் கூடு. எஃப்.ஐ.ஏ விதியில், தலைக்குப் பின்னாடி வர்ற முக்கியமான வளையத்துக்கு 45 மி.மீ விட்டமும் 2.5 மி.மீ தடிமனும், இல்லைனா 50 மி.மீ விட்டமும் 2 மி.மீ தடிமனும் உள்ள, தையல் இல்லாத ஸ்டீல் பைப் வேணும். ஊரில் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிற பைப்பை வளைச்சு மாட்டினா அது கேஜ் கிடையாது, கூண்டு. சில பேர் தினமும் ஓட்டுற காரிலேயே ஸ்டைலுக்காகக் கேஜ் போடுறாங்க. ப்ளீஸ், வேணாம். ஹெல்மெட் இல்லாத தலை சின்ன ஆக்ஸிடென்ட்டில்கூட அந்தப் பைப்பில்தான் போய் மோதும்.

பக்கெட் சீட், பல முனை பெல்ட், தீயணைப்பான், தீப்பிடிக்காத சூட், அப்புறம் ஹான்ஸ். ஹெல்மெட்டைத் தோளோட இணைச்சு, மோதும்போது கழுத்து முன்னாடி பாய்ஞ்சு ஒடியாம காப்பாத்துற கருவிதான் ஹான்ஸ். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் 2005-ல் இருந்து இது கட்டாயம். இங்கே பலருக்குத் தெரியாத விஷயம், சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் எக்ஸ்பைரி டேட் உண்டு. எஃப்.ஐ.ஏ 8855-1999 தரத்தில் வர்ற சீட்டுக்கு ஆயுள் அஞ்சு வருஷம். பழைய காரில் இருந்த சீட்டைக் கழட்டிப் புது காரில் மாட்டுறவங்க, பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படிச்சுப் பார்க்கிறது நல்லது. ஸ்க்ரூட்டினியில் அதைப் படிக்கத்தான் ஆள் உட்கார்ந்திருப்பாங்க.

பாதுகாப்புக்கு அடுத்து சஸ்பென்ஷன். மண் ரோட்டில் ஜெயிக்கிறதும் தோக்கிறதும் பெரும்பாலும் இங்கேதான். சாதாரண ஷாக் அப்ஸார்பர், பத்து கி.மீ கல் ரோட்டில் அடி வாங்கினா உள்ளே இருக்கிற ஆயில் சூடாகி, தணிக்கிற சக்தியை இழந்துடும். அதனாலதான் ராலி ஷாக் அப்ஸார்பரில் தனியா ஆயில் டப்பா தொங்கும். சஸ்பென்ஷன் சரியா இருந்தா டயர் தரையில் இருக்கும். டயர் தரையில் இருந்தாதான் இருக்கிற பவராவது ரோட்டுக்குப் போகும். காத்துல சுத்துற வீலுக்கு 100 ஹெச்.பி-யும் ஒண்ணு, 300 ஹெச்.பி-யும் ஒண்ணு.

அப்புறம் என்ஜினுக்கு அடியில் சம்ப் கார்டு. ஒரு கல் ஆயில் சம்பைக் கிழிச்சா ராலி முடிஞ்சது, கூடவே என்ஜினும் முடிஞ்சது. டிஃபரென்ஷியல், பிரேக், கியர் விகிதம் எல்லாம் இதுக்கு அப்புறம். இவ்வளவும் ஆன பிறகு கையில் காசு மிஞ்சினா என்ஜினைத் தொடலாம். மிஞ்சாது, அது வேற விஷயம்.

செகண்ட் ஹேண்ட் வால்வோ ஜெயிச்ச கதை

அமெச்சூர் டீம்னா ஒப்புக்குச் சப்பாணின்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பேர் சொல்றேன். ஜோகிந்தர் சிங். 1932-ல் கென்யாவின் தேயிலை ஊரான கெரிச்சோவில் பிறந்தவர். அப்பாவோட ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடிச்சு வளர்ந்தவர். மில்கா சிங்குக்கு இருக்கிற 'பறக்கும் சீக்கியர்' பட்டம் இவருக்கும் உண்டு. ஆப்பிரிக்காவில் கேட்டா இவரைத்தான் சொல்வாங்க.

கிழக்கு ஆப்பிரிக்காவில் 1953-ல் தொடங்கின சஃபாரி ராலி, அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். மழை பெஞ்சா சேறு, பெய்யலைனா புழுதி. 1965-ல் ஜோகிந்தரும் தம்பி ஜஸ்வந்த்தும் வால்வோ பி.வி. 544 காரில் கலந்துக்கிட்டாங்க. வால்வோ கம்பெனி டீம் ஓட்டிட்டுக் கழிச்ச கார் அது. செகண்ட் ஹேண்டில் வாங்கி, தாங்களே பிரிச்சு மேய்ஞ்சு தயார் பண்ணினாங்க. ஜெயிச்சது அந்தக் கார்தான்.

1974-ல் இன்னும் சுவாரஸ்யம். ஜோகிந்தர் கையில் 1.6 லிட்டர் மிட்சுபிஷி லான்சர். எதிரே ஸ்வீடனின் பியோர்ன் வால்டெகார்ட், போர்ஷே 911-ல். பவரில் போர்ஷே எங்கேயோ, லான்சர் எங்கேயோ. ஆனா ஃபினிஷ் லைனில் லான்சர் முதல், போர்ஷே ரெண்டாவது. 1976-லும் அதே லான்சரில் மறுபடி ஜெயிச்சார். ரோட்டைத் தெரிஞ்ச ஆள், காரை உள்ளும் புறமும் தெரிஞ்ச ஆள், உடையாத கார் - இந்த மூணும் சேர்ந்தா பவர் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லைங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. அந்த லான்சர் பேர், பின்னாடி 1998-ல் நம்ம திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை வரைக்கும் வந்து சேர்ந்துச்சு. லான்சரோட அடுத்த தலைமுறை சீடியா, இந்திய ராலிகளில் செம்மண்ணைக் கிளப்பினதை இன்னும் மறக்காத கோயம்புத்தூர்க்காரங்க இருக்காங்க.

பவரைப் பிடிச்சு வைக்கிற சின்ன ஓட்டை

'காசு இருக்கு, எவ்வளவு வேணா பவர் ஏத்துறேன்'னு யாரும் கிளம்ப முடியாது. எஃப்.ஐ.ஏ-வோட ராலி கார்கள் அஞ்சு படியா பிரிஞ்சிருக்கு. கீழே ராலி 5, சுமார் 180 ஹெச்.பி, முன் வீல் டிரைவ். ராலி 4-லும் முன் வீல் டிரைவ்தான், 200-ஐ ஒட்டி வரும். ராலி 3-ல் இருந்து ஆல் வீல் டிரைவ். ராலி 2-ல் 1.6 லிட்டர் டர்போ, சுமார் 290. உச்சியில் ராலி 1. இந்தியாவில் நேஷனல் ராலி சாம்பியன்ஷிப்புக்கு, சென்னையைத் தலைமையிடமாக் கொண்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ தனியா கிளாஸ் பிரிக்குது. ஒரு பார்ட்டை மாத்தினா கிளாஸே மாறிடலாம். சின்ன கிளாஸில் ராஜாவா இருந்த கார், பெரிய கிளாஸில் கடைசி பெஞ்ச் ஆகுறது இப்படித்தான். அப்கிரேடுக்கு முன்னாடி படிக்க வேண்டிய முதல் புத்தகம் அந்த வருஷத்து ரூல் புக்.

டர்போ கார்களில் பவரைக் கட்டுப்படுத்த ஒரு எளிமையான வழி வெச்சிருக்காங்க. டர்போவுக்குக் காத்து போற வாயில் ஒரு குறுகலான வளையம். பேரு ரெஸ்ட்ரிக்டர். ராலி 2 காரில் அது 32 மி.மீ. அதுக்கு மேல காத்து போகாது, காத்து இல்லைனா பவர் இல்ல. 1995 கேட்டலூனியா ராலியில் டொயோட்டா ஃபேக்டரி டீம் இந்த வளையத்தை ரகசியமா ஏமாத்தினதைக் கண்டுபிடிச்சாங்க. மாட்டி டைட் பண்ணும்போது ஒரு ஸ்ப்ரிங் மெக்கானிசம் விலகி, ஓரமா கூடுதல் காத்து உள்ளே போகும். கழட்டினா பழையபடி சாதுவா மூடிக்கும். அந்த வருஷ பாயின்ட் எல்லாம் காலி, 12 மாசம் தடை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த கதின்னா, கராஜில் ரெண்டு பேர் சேர்ந்து 'யாரு பார்க்கப் போறா'னு நினைக்கிறது எந்த அளவுக்கு எடுபடும்னு நீங்களே சொல்லுங்க.

இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வந்ததில்ல. 1980-களில் குரூப் பி-னு ஒரு வகை இருந்துச்சு. லேசான உடம்பு, வெறி பிடிச்ச பவர். 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில், உள்ளூர் டிரைவர் ஒருத்தர் ஓட்டின ஃபோர்டு ஆர்.எஸ்.200 கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள்ளே பாய்ஞ்சதில் ரசிகர்கள் உயிரிழந்தாங்க. அதே வருஷம் மே 2-ம் தேதி கோர்சிகாவில் ஹென்ரி டொய்வொனெனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் ஓட்டின லான்சியா டெல்டா எஸ்4, பள்ளத்தில் விழுந்து எரிஞ்சது. ரெண்டு பேரும் பிழைக்கலை. அடுத்த வருஷத்தில் இருந்து குரூப் பி இல்ல.

நம்ம ஊரிலும் நடந்திருக்கு. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் பகுதியில், ராலிக்காக மூடின பாதைக்குள்ளே ஒரு பைக் வந்துடுச்சு. மேட்டைத் தாண்டி வந்த ராலி கார் மோதி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூணு பேர் இறந்துபோனாங்க. டிரைவர் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியாது. கார் வேகமாக ஆக, தெரிஞ்ச பிறகு நிறுத்தக் கிடைக்கிற இடமும் குறையும்.

பர்ஸும் சட்டமும்

காரை வாங்குற செலவு ஒரு தடவை. அதை ஓட்டுற செலவு ஒவ்வொரு ராலிக்கும். அப்கிரேட் பண்ற டீம்கள் தடுமாறுறது பெரும்பாலும் ரெண்டாவதில்தான். சாதாரண கியர்பாக்ஸ் வருஷக்கணக்கா உழைக்கும். ரேஸ் கியர்பாக்ஸை இத்தனை கி.மீ-க்கு ஒரு தடவைன்னு கணக்கு வெச்சுப் பிரிச்சுப் பார்க்கணும். ஷாக் அப்ஸார்பருக்கும் அதே கதை. பழைய மாருதி ஜிப்ஸிக்கு எந்த ஊர் கடையிலும் பார்ட்ஸ் கிடைக்கும். வெளிநாட்டு ராலி காருக்கு ஒரு டிரைவ் ஷாஃப்ட் போச்சுன்னா கப்பல் வரணும். அதனாலதான் புத்திசாலி டீம், காசு முழுக்கக் காரில் போடாம, பாதியை ஸ்பேர் பார்ட்ஸுக்கும் டயருக்கும் ஒதுக்கி வைக்கும்.

இன்ஷூரன்ஸ் விஷயம் இன்னும் முக்கியம். நம்ம எல்லார்கிட்டேயும் இருக்கிற சாதாரண மோட்டார் பாலிசியை எடுத்துப் படிச்சுப் பாருங்க. ரேஸ், வேகச் சோதனை மாதிரியான பயன்பாட்டுக்கு கவர் கிடையாதுன்னு எழுதியிருக்கும். ஸ்டேஜில் கார் நொறுங்கினா அது உங்க காசு. தினசரி ஓட்டுற காரை இஷ்டத்துக்கு மாத்தி வைக்கவும் முடியாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்லுது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணியிருக்கு.

புது காரோட முதல் ராலி

அனுபவமுள்ள டீம்கள் இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. முதல் ராலிக்கு முன்னாடி தனி இடத்தில் ஒரு நாள் முழுக்க டெஸ்ட். அப்புறம், பழைய நோட்ஸை அப்படியே ஓரம் கட்டிட்டு, தெரிஞ்ச ரோடா இருந்தாலும் வெள்ளைத் தாளில் இருந்து எழுதுவாங்க. 'ஃப்ளாட்'ங்கிற வார்த்தையைக் கஞ்சத்தனமா பயன்படுத்துவாங்க. முதல் ராலியோட இலக்கு ஃபினிஷ் பண்றது, ஒவ்வொரு ஸ்டேஜிலும் காரைப் பத்தி ஒரு விஷயம் கத்துக்கிறது, அவ்வளவுதான்.

சர்வீஸ் டீமும் ஒத்திகை பார்க்கணும். சர்வீஸ் பார்க்கில் நிமிஷக் கணக்கில்தான் நேரம் கொடுப்பாங்க. புது காரில் ஜாக்கி எங்கே வைக்கணும், எந்த நட்டுக்கு எந்த சைஸ் ஸ்பேனர்னு அங்கே போய்த் தேடினா, வெளியே வரும்போது டைம் கன்ட்ரோலில் பெனால்டி காத்திருக்கும்.

இன்னொரு ஒத்திகையும் உண்டு. ஒவ்வொரு டீமும் ஒரு போர்டு வெச்சிருக்கும். ஒரு பக்கம் பச்சையில் ஓகே, இன்னொரு பக்கம் சிவப்பில் எஸ்.ஓ.எஸ். கார் நின்னுட்டா, பின்னாடி வர்ற காருக்கு அதில் ஒண்ணைக் காட்டியாகணும். சிவப்பைப் பார்த்தா அடுத்த கார் நின்னே ஆகணும், எவ்வளவு லீடில் இருந்தாலும் சரி. எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குக் குறைஞ்சது 50 மீட்டர் முன்னாடி வைக்கணும். புது காரில் இந்தப் போர்டு எங்கே இருக்குன்னு, பெல்ட்டில் தலைகீழாத் தொங்கும்போதும் கை நீட்டி எடுக்கத் தெரிஞ்சிருக்கணும்.

இதெல்லாம் படிச்சிட்டு ஆசை வந்துச்சுன்னா, நேரா ஸ்டேஜ் ராலிக்குப் போகாதீங்க. டி.எஸ்.டி-னு ஒண்ணு இருக்கு. சாதாரண ரோட்டில், சாதாரண காரில், சொன்ன சராசரி வேகத்தில் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரணும். வேகம் அங்கே முக்கியமில்ல. நோட்டைப் படிக்கிறதும், பக்கத்து சீட்டுக்காரரை நம்புறதும்தான் முக்கியம். கார் இல்லாதவங்க மார்ஷலா போகலாம். ராலி நடத்துற கிளப்களுக்கு ஸ்டேஜ் ஓரத்தில் நிக்க எப்பவும் ஆள் தேவை. ஒரே வளைவை வரிசையா எல்லா காரும் எடுக்கிறதைப் பார்த்துட்டே இருங்க. எது புதுசா அப்கிரேட் ஆன கார்னு நம்பர் பார்க்காமலே சொல்லிடலாம். மத்தவங்க பிரேக் பிடிக்கிற இடத்துக்கு ரொம்ப முன்னாடியே அதோட பிரேக் லைட் எரியும், இல்லைனா ரொம்ப லேட்டா எரியும்.